முக்கண் பாசி

குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்து உடை மாற்றும் அறைக்கு முத்துவடிவுதான் பொறுப்பு. குத்தகை எடுத்தவர் வேறு ஒருவர். சாவியும் துடைப்பமும் இவளிடம் இருக்கும். ஆனி ஆடியில் சாரலும் கூட்டமுமாகத் தலை நிமிர நேரமிருக்காது. அது ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விட்டால் கார்த்திகை பிறந்துவிடும். மாலை போட்ட சாமிமார் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகக் குடும்பங்களும் வரும். ஈரச் சேலையைப் பிழிந்தபடி பெண்கள் அறை வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள்.

அருவி உரக்க விழுகிற நாளில் உடம்பில் கிடக்கிற எதையும் அது விட்டுவைக்காது. கொலுசு, மூக்குத்தித் திருகு, குழந்தையின் வெள்ளி அரைஞாண், ஒரு தடவை பல் செட்டு. தண்ணீர் குறைந்ததும் படியிடுக்கிலும் கம்பித் தடுப்பின் அடியிலும் அவை கிடக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் அருவிக்கரைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவது முத்துவடிவின் வழக்கம். ஒரு ஹேர்பின்கூட வீட்டுக்கு வந்ததில்லை. "எங்க ஸ்டேசன்ல ஒங்களுக்கும் ஒரு நாற்காலி போடணும்க்கா" என்று அங்குள்ள பெண் போலீஸ் கேலி செய்வாள்.

அந்தக் கார்த்திகையில் மலைமேல் விடாமல் மழை பெய்து தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தடை நீங்கிய அன்று காலையில், படியில் ஒதுங்கியிருந்த மணலையும் இலையையும் அவள் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது, கம்பியின் காலடியில் கறுப்பாக ஒன்று உருண்டது. புளியங்கொட்டை என்று நினைத்தாள். எடுத்துப் பார்த்தால் பாசிமணி. சுண்டுவிரல் தடிமன், இரண்டு கணு நீளம். நல்ல காப்பிக்கொட்டை நிறம். அதைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் ஓடி, அங்கங்கே வளைந்து வட்டமாகி, வட்டத்துக்குள் கறுப்புப் பொட்டு வைத்து, அச்சாகக் கண் மாதிரி இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று கண். துளையில் அறுந்த சிவப்பு நூலின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது.

தங்கமாக இருந்திருந்தால் யோசித்தே இருக்க மாட்டாள். இது வெறும் பாசி. போலீஸ்காரி சிரிப்பாள் என்று தோன்றியது. இருந்தாலும் கேட்டு வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அறை ஜன்னலில் வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. பிறகு பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

கார் நிறுத்துகிற இடத்துக்குப் போகும் பாதையில் பாசி, சங்கு, ருத்திராட்சம் விற்கும் கடை வைத்திருப்பவர் பெஞ்சமின். அவரிடம் ஒருநாள் அதைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாசியைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இது நம்ம பக்கத்துச் சாமான் இல்லம்மா. இமயமலைக்கு அங்கிட்டு உள்ளவங்க போடுதது. இதே மாதிரி என் கடையிலயும் கெடக்கு பாரு, அது மெஷின்ல போட்டது. கோடெல்லாம் ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். இதுல பாத்தியா, வரஞ்சவன் கை லேசா ஆடியிருக்கு. பழசு. ஒரு கீறல் இல்ல."

"என்னத்துக்கு அண்ணாச்சி போடுதாங்க?"

"எல்லாம் காவலுக்குத்தான். கெட்ட பார்வை படாது, அகால மரணம் அண்டாதும்பாங்க. எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. நான் ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவன்." அவர் சிரித்தார். "ஆனா கேட்டு வந்தா விப்பேன்."

அகால மரணம் என்ற சொல் அவள் காதில் தங்கிவிட்டது.

அவள் கணவன் சொரிமுத்து லாரி டிரைவர். ஆலங்குளம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு, புளியறை செக்போஸ்ட் வழியாக மலையேறிப் புனலூரில் இறக்கிவிட்டுத் திரும்புவான். இருபத்தைந்து வருடமாக அதே ரோடு. 'கண்ண மூடிட்டு ஓட்டுவேன்' என்பான். ஆவணி மாதத்தில், அவனோடு ஒரே ஷெட்டில் வண்டி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த மலைரோட்டில் வண்டி கவிழ்ந்து செத்துப்போன பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டான். அதிலிருந்து முத்துவடிவுக்கும் நிம்மதி இல்லை. அவன் போன் வருகிற நேரம் கொஞ்சம் தள்ளிப்போனாலும், கையில் இருக்கிற வேலை கையிலேயே நிற்கும்.

மறுநாள் காலையில் அவன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, பாசியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பின்னால் நின்று கழுத்தில் கட்டினாள்.

"என்னட்டி இது, நரிக்குறவர் கணக்கா?"

"கெடக்கட்டும். அருவியில கெடச்சது. மூணு கண்ணு இருக்கு பாருங்க, குற்றாலநாதருக்கு இருக்க மாதிரி."

அவன் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒருநாள், வெயில் ஏறுகிற நேரம், முத்துவடிவுக்குப் போன் வந்தது. பேசியது சொரிமுத்து இல்லை. யாரோ ஒரு டிரைவர், பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம். "அக்கா, பயப்படாதீங்க. அண்ணன் நல்லாருக்காரு. வண்டிதான் மண்மேட்டுல சாஞ்சு நிக்கி." அவள் அறைச் சாவியை யாரிடம் கொடுத்தாள், மேலகரத்து வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பதெல்லாம் பிறகு நினைவில்லை. அவள் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஒருவனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து சொரிமுத்து வந்தான். முன்சட்டையெல்லாம் செம்மண்.

"புனலூர்லருந்து திரும்பி, கோட்டைவாசல் தாண்டி எறங்குதேன். எஸ் வளைவுல பிரேக்குல ஏர் எறங்கிட்டு. பிரேக்க மிதிக்கேன், கால் சும்மா பலகையில போய் முட்டுது. முன்னால சாமிமார் வேன் ஒண்ணு, பைய உருண்டு போகுது. உள்ள உக்காந்திருக்கவங்க தலையெல்லாம் தெரியுது. அவ்வளவுதாம்னு நெனச்சேன். ஸ்டேரிங்க மலைப்பக்கமா ஒடிச்சு விட்டுட்டேன். மண்ண உரசிக்கிட்டே போயி நின்னுட்டு." அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "நிக்கும்போது நெஞ்சு போய் ஸ்டேரிங்ல அடிச்சுது. இதுதான் குறுக்க நின்னுச்சு."

மார்பின் நடுவில் பாசி அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்தது. பாசியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், நடுக்கண்ணின் குறுக்கே, முடி மாதிரி ஒரு விரிசல். பெஞ்சமின் கீறல் இல்லை என்று சொன்ன பாசி. அதை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் அழுதாள்.

அதன் பிறகு சொரிமுத்து அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

லாரி தென்காசியில் பட்டறையில் நின்றது. வைத்தியம் பார்த்தவர் நெஞ்சில் ஊமையடிதான், ஓய்வெடுத்தால் போதும் என்றார். முத்துவடிவு மறுபடி வேலைக்குப் போனாள். அந்த வாரத்திலேதான் அந்த அம்மாள் வந்தாள்.

அறுபதைத் தாண்டிய வயதிருக்கும். கணுக்கால் வரை இறங்கிய கறுப்பு அங்கி, அதன்மேல் இடுப்பிலிருந்து தொங்கும், பல நிறப் பட்டை பட்டையாக நெய்த முன்துணி. காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி முகம் வற்றியிருந்தது. கழுத்தில் ஒரு சின்ன வெள்ளிப்பெட்டி, அதற்கு மேலே பவள மாலை. மாலையில் நடுவில் மட்டும் ஒன்றும் கோக்காமல் வெறும் நூல் தெரிந்தது.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும்" என்றாள். சந்தைத் தமிழ், ஆனால் தடங்கலில்லாத தமிழ். "நான் தென்காசியில ஸ்வெட்டர் கடை போட்டிருக்கேன். ஊரு பைலகுப்பே, மைசூர் பக்கம், திபெத்துக்காரங்க இருக்கற ஊரு. வருஷா வருஷம் குளிருக்கு இந்தப் பக்கம் வருவோம், முன்ன மதுர, திருநவேலி, இப்ப இங்க. மழைக்கு முந்தி இங்க குளிக்க வந்தேன். தண்ணி அடிச்சதுல மாலை அறுந்துபோச்சு. பவளத்தக் கையில புடிச்சிட்டேன். ஒண்ணு மட்டும் போயிருச்சு."

அவள் செல்போனை நீட்டினாள். திபெத்துப் புத்தாண்டுக்கு எடுத்த படமாம். பட்டு உடுத்திக்கொண்டு அந்த அம்மாள் நிற்கிறாள். இரண்டு பெரிய பவளங்களுக்கு நடுவில், கழுத்துக் குழியில், மூன்று கண் பாசி.

முத்துவடிவு போனைத் திருப்பிக் கொடுத்தாள். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். அருவியில் போனது போனதுதான் என்று ஊரெல்லாம் சொல்வதுதானே. போலீஸ்காரிக்குக்கூடத் தெரியாது. அவள் வாயைத் திறந்தாள். அந்த மாலையின் நடுவில் தெரிந்த வெறும் நூலைப் பார்த்தாள்.

"எனக்குத்தான் கெடச்சுதுக்கா" என்றாள்.

அந்த அம்மாள் ஈரப்படி என்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையால் வாயை மூடிக்கொண்டாள்.

முத்துவடிவும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னலில் வைத்தது, பெஞ்சமினிடம் காட்டியது, கணவன் கழுத்தில் கட்டியது, வளைவில் நடந்தது. இடையில் அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணாவுக்கு ஒண்ணும் ஆகலியே?"

கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று முத்துவடிவுக்குத் தோன்றியது.

"இல்லக்கா. நல்லாருக்காங்க."

"நான் முந்தியே வந்திருப்பேன். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில படுத்துட்டேன். என் பேரு யாங்சென். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து ஸ்வெட்டர் கடைன்னு கேளுங்க. அண்ணாவையும் கூட்டிட்டு வாங்க." எழுந்து துணியைத் தட்டிவிட்டுக்கொண்டவள், போகும்போது முத்துவடிவின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது சொரிமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"நீ ஏன் சொன்ன?"

"கேட்டாங்க. சொல்லாம?"

"திருடுனமா? தண்ணியில வந்தது. தண்ணியில வந்தத யாரு கேக்க முடியும்? என் உயிரக் காப்பாத்துனது இது. நான் குடுக்க மாட்டேன்."

"அவங்க பொருளுங்க."

"வேற எதுனாலும் கேக்கச் சொல்லு."

அவள் பேச்சை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். தோசை வார்த்து எடுத்து வந்தபோது அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது.

"முதலாளி மூணு தடவ போன் பண்ணிட்டாரு. வண்டி ரெடியாகப் போகுதாம். எப்ப வாறேன்னு கேக்காரு." அவன் குரல் இறங்கியிருந்தது. "வடிவு, இது இல்லாம என்னால அந்த வளைவுல எறங்க முடியாது. நெனச்சாலே கால் கூசுது. யார்ட்டயும் சொல்லிராத."

கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. தட்டை அவன் பக்கத்தில் வைத்தாள். அந்த அம்மாள் கையை அழுத்திப் பிடித்தது நினைவுக்கு வந்தது. இவன் முதுகும் கண்ணெதிரே இருந்தது. யார் பக்கம் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "சாப்பிடுங்க, ஆறிப்போகும்" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் அவனே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "வா. நேர்ல போயி, தர முடியாதுன்னு மரியாதையாச் சொல்லிட்டு வந்திருவோம். ஒளிஞ்சு திரியக் கூடாது."

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு காலி மனையில் தகரக் கூரை போட்டு வரிசையாகக் கடைகள். கயிற்றில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் தொங்கின. யாங்சென் அவர்களைக் கண்டதும் துணிக்கட்டுகளைத் தள்ளி வைத்து இரண்டு ஸ்டூல் போட்டாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள்.

"பயப்படாதீங்க, எங்க உப்பு டீ இல்ல. இது ஒங்க டீதான்."

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்து நின்றுவிட்டது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவன், இப்போது டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைக்குள்ளிருந்து பாசியை வெளியே எடுத்துவிட்டான். கழற்றவில்லை.

யாங்சென் முன்னால் குனிந்தாள். "தொடலாமா?"

அவன் தலையசைத்தான். அவள் பாசியை இரண்டு விரலால் தாங்கி, பேரக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். விரல் திரும்பி விரிசலில் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

"இது எங்ககிட்ட வரும்போது இல்லக்கா" என்றாள் முத்துவடிவு. "ஸ்டேரிங்ல இடிச்சப்ப விட்டது."

யாங்சென் பாசியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க அம்மா திபெத்திலருந்து பனிமலை தாண்டி நடந்து வந்தாங்க. நான் அப்ப அவங்க வயித்துல. வழியில சாப்பாட்டுக்காக ஒவ்வொண்ணா வித்தாங்க. காதுல போட்டது, இடுப்புல போட்டது, குதிர. இத மட்டும் விக்கல. இதுக்கு எங்க பாஷையில 'ஜீ'ன்னு பேரு. நீங்க கல்லுன்னு நெனைக்கிறீங்க. எங்க ஊர்ல பெரியவங்க இது பூச்சியா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. உயிரோட மண்ணுல ஓடிட்டு இருந்துச்சாம். மனுஷன் கை பட்டதும் கல்லாயிருச்சாம். அதனால இது உயிருள்ள ஆளு மாதிரி. வேலை செய்யும். களைச்சும் போகும்."

"என்ன வேல செய்யும்?" சொரிமுத்து கேட்டான்.

"நமக்கு வர்ற அடிய இது வாங்கிக்கும். எல்லா அடியும் இல்ல. எங்க அப்பா போயிட்டாரு, எனக்கு ஒரு புள்ள போயிட்டான். அப்பவும் இது என் கழுத்துல இருந்துச்சு." அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "ஆனா ஒண்ண வாங்கிருச்சுன்னா அதுக்கு அடையாளம் இருக்கும். இப்படி விரிசல் விடும். விட்டா அதோட வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்புறம் அதக் கழுத்துல போட்டு மறுபடி மறுபடி வேலை வாங்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய் புத்தர் முன்னால வெச்சிரணும். அடிபட்ட ஆள உடனே போய் வேலை செய்யின்னு அனுப்பலாமா, அண்ணா?"

சொரிமுத்துவின் கை, அவன் அறியாமலே, நெஞ்சில் கன்றியிருந்த இடத்துக்குப் போனது.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. பக்கத்துக் கடையில் யாரோ குல்லாவுக்கு விலை கேட்டார்கள். முத்துவடிவு அவன் முகத்தைப் பார்க்காமல் தன் டம்ளருக்குள் பார்த்தாள்.

"ஒங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சின்னு இவ சொன்னா" என்றான் அவன் கடைசியில். "இது கழுத்துல இல்லாமப் போனதுனாலயா?"

யாங்சென் உரக்கச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் இருமல் வந்தது. "எனக்கு டெங்கு அண்ணா. கொசு கடிச்சுது. டாக்டரே சொல்லிட்டாரு."

"இல்ல, ஒங்களுக்கு வர வேண்டிய அடிதான் என்கிட்ட வந்துச்சோன்னு..."

"யாருக்கு வந்ததா இருந்தா என்ன? வந்தது போச்சு."

அவன் கயிற்று முடிச்சைத் தேடினான். தினமும் நனைந்து காய்ந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெருடிப் பார்த்தும் அவிழவில்லை. முத்துவடிவு எழுந்து பின்னால் போய், பல்லால் கடித்து இளக்கி அவிழ்த்தாள். பாசியை அவன் கையில் வைத்தாள். அவன்தான் அதைக் கொடுத்தான், வலது கையால், இடது கையை முழங்கையில் தொட்டபடி, கோயிலில் காணிக்கை கொடுப்பது போல.

யாங்சென் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள். அப்போதுதான் அவள் கன்னத்தில் ஈரம் தெரிந்தது. பிறகு வெள்ளைப் பட்டுத் துணி ஒன்றை எடுத்து, பாசியை அதில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்த வெள்ளிப்பெட்டியைத் தொட்டு, தன் பாஷையில் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள என்னக்கா இருக்கு?" என்று முத்துவடிவு கேட்டாள்.

"மந்திரம் எழுதின காகிதம்."

"இப்ப என்ன வேண்டுனீங்க? இவங்க வண்டிக்கா?"

"ரோட்டுல போற எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சேரணும்னு வேண்டினேன். ஒங்க வண்டிக்குன்னு தனியா வேண்ட எனக்குத் தெரியாதுக்கா. எங்க அம்மா சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்."

சொரிமுத்து அந்த வேனை நினைத்துக்கொண்டானோ என்னவோ, "அது போதும்" என்றான்.

வீடு திரும்பும் வழியில் பாசி இல்லாத கழுத்தை அவன் அடிக்கடி தடவிக்கொண்டதை முத்துவடிவு பார்த்தாள். காவலுக்கு ஏதாவது ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்று அவளுக்கும் கை பரபரத்தது. கோயிலில் கயிறு வாங்கலாம், பெஞ்சமின் கடையில் இதே போல் ஒன்று கிடக்கிறது. ஆனால் எதைக் கட்டினாலும் அவனுக்கு அது பொய்யாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

பட்டறையிலிருந்து லாரி வந்தது. மறுநாள் விடிந்ததும் அவன் கிளம்பி, வாசல் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினான். மாட்டியவன் எழுந்திருக்கவில்லை. முத்துவடிவு அதைப் பார்த்தாள். அருவிக்கரையில் சோப்பு, ஷாம்பு விற்கும் ரூபிக்குப் போன் போட்டு, "இன்னைக்கு ஒரு நாள் அறையப் பாத்துக்க, சாவி பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன்" என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் தண்ணீர் பாட்டிலையும் புளியோதரையையும் எடுத்து வைத்தாள்.

"நீ எங்க?"

"ஒங்க கூடத்தான்."

"லாரியிலயா? மூட்டையோட மூட்டையாவா?"

"முன்னாலதான் உக்காருவேன். இத்தன வருசமா ஓட்டுதீங்க, அந்த ரோட்ட நான் ஒருநாளு பாக்கக் கூடாதா?"

ஆலங்குளத்தில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் பச்சைமிளகாயும் ஏற்றினார்கள். புளியறை செக்போஸ்டில் வரிசையில் நின்றார்கள். அங்கே ஒரு கடையில் டீ குடிக்கும்போது பழகிய டிரைவர்கள் சொரிமுத்துவிடம் வந்து தோளைத் தட்டினார்கள். முத்துவடிவைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். மலை ஏறும்போது பயமில்லை. வண்டி முக்கி முனகிக்கொண்டு ஏறியது. அவளுக்கு அந்தப் பச்சையும் கீழே தெரிந்த வயல்களும் அழகாகவே இருந்தன. "இவ்வளவு நல்லாருக்குமா இந்த ரோடு" என்றாள். "ஓட்டுதவனுக்கு இதெல்லாம் எங்க தெரியுது" என்றான் அவன். புனலூரில் சரக்கு இறக்குகிற வரைக்கும் அவள் மார்க்கெட்டில் நேந்திரங்காய்க் குலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திப் புளியோதரை சாப்பிட்டார்கள்.

கோட்டைவாசல் தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. சொரிமுத்து கியரைக் குறைத்தான். அடிக்கடி பிரேக்கைத் தொட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஏர் சீறுகிற சத்தம் கேட்டது. மலைப்பக்கத்தில் மண் புதிதாகச் செதுக்கின மாதிரி ஒரு நீளமான காயம் தெரிந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள்.

வண்டி ஊர்ந்தது. பின்னால் கார்கள் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஒரு வேன்காரன் விடாமல் அடித்தான். சொரிமுத்துவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கால் தானாக ஆக்சிலேட்டருக்குப் போகப் பார்த்ததை அவள் கவனித்தாள்.

"நீங்க பைய போங்க" என்றாள்.

அவள் ஜன்னல் வழியே உடம்பைப் பாதி வெளியே நீட்டினாள். பின்னால் திரும்பிப் பார்த்து, கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினாள். அருவியில் வரிசை முட்டும்போது பெண்களை நிறுத்துவாளே, அதே சைகை. "இருங்க, இருங்க! எல்லாரும் போலாம்!" என்று கத்தினாள். லாரியிலிருந்து ஒரு பெண் பிள்ளை தலையை நீட்டிக் கத்துவதைப் பார்த்த வேன்காரன் என்ன நினைத்தானோ, ஹாரனை விட்டான். வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். ஒரு சாமி கையை உயர்த்தி அவளுக்கு வணக்கம் வைத்தார்.

முதல் வளைவு திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. எதிரே வந்த கேரள பஸ்ஸுக்கு ஒதுங்கி இடம் விட்டு, மறுபடி ஊர்ந்து, கடைசியில் ரோடு நிமிர்ந்து வயல்களுக்கு நடுவே ஓட ஆரம்பித்தது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போயின.

சொரிமுத்து வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கிப் போய் வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவள் வண்டியிலேயே இருந்தாள். திரும்பி வந்து ஏறியவன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முதலாளிக்குப் போன் போட்டான்.

"வந்துட்டேன் அண்ணாச்சி. புளியறையில நிக்கேன். நாளைக்கும் லோடு போடுங்க."

போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். "நாளைக்கும் வாறியா?"

"எனக்கு வேல இல்லையா?" என்றாள் முத்துவடிவு. "ரூபி எத்தன நாளு பாப்பா? நீங்களே பைய போயிட்டு வாங்க."

அவன் சாவியைத் திருப்பினான்.